கண்ணாடித் தொட்டியிற் கடற்சிப்பி

பிற உயிர்களை இல்லத்தில் வைத்து வளர்ப்போர் முதற்கண் வினவ வேண்டுவது, அவ்வுயிர் நமக்கு யாது இன்பம் தரும் என்பதன்று. அதற்கு வேண்டுவன யாவை, அவற்றை நாம் தரவல்லோமா என்பதே. கண்ணாடித் தொட்டியிற் பவழப் பாறை அமைத்து, அதனிடையே நீலமும் பச்சையுமாய் மின்னும் இராட்சதச் சிப்பிகளை வைத்து மகிழும் வழக்கம் இன்று உலகின் பல பாகங்களிற் பரவியுள்ளது. கடற்கரையில்லாத நம் தேனி, கம்பம் பகுதியிலும் இவ்வாசை எழக்கூடுமாதலின், இதுபற்றி எமது கருத்தைச் சுருங்கக் கூறுவாம்.

இச்சிப்பி பாதி பிராணி, பாதி பயிர் எனலாம். இதன் சதை மடலினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் எண்ணிறந்தன குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதிற் பெரும்பகுதியைத் தமக்கு இடந்தந்த சிப்பிக்கே அளிக்கின்றன. சிப்பி நீரை வடித்து உண்ணவும் வல்லதே. எனினும் அது மட்டும் அதற்குப் போதாது. கம்பத்துத் திராட்சைப் பந்தலில் வெயில் படாத கொடி காய்க்குமோ? அன்னதே இதுவும். சிப்பியோ தன் பசியை வாய்விட்டுக் கூறாது. ஒளி குறைந்த தொட்டியிற் பல வாரங்கள் மெல்ல மெலிந்து மாயும். வளர்ப்போனோ அது நலமுடன் இருப்பதாகவே எண்ணியிருப்பான்.

ஆகவே சாதாரண மீன்தொட்டி விளக்கு இதற்கு உதவாது. ஆழங்குறைந்த நீரில் வாழும் மாக்சிமா, குரோசியா என்னும் இனங்கள் மிக்க ஒளியை வேண்டுவன. ஸ்குவாமோசா, டெராசா என்பன சற்றுக் குறைந்த ஒளியிலும் வாழும். நாள்தோறும் பத்து மணி நேரமளவு வலிய விளக்கு எரிதல் வேண்டும். புதிதாய் வந்த சிப்பிக்கு அவ்வொளியைப் படிப்படியாகவே கூட்டுதல் வேண்டும். நீரின் வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியஸ், உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, ஓடு வளர லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியம் ஆகிய இவை யாவும் மாறாது நிற்றல் வேண்டும். பாறையைப் பற்றியுள்ள நூலிழைகளை வலிந்து இழுப்பின் சிப்பி மடிதலும் உண்டு. சித்திரை வெயிலிலும் மின்தடையிலும் இத்தனையும் காத்தல் எளிதன்று.

சட்டமும் ஈண்டு நினைக்கத்தக்கது. இலட்சத்தீவு, அந்தமான் கடல்களில் இச்சிப்பிகள் இயற்கையாய் வாழ்கின்றன. மாக்சிமா, ஸ்குவாமோசா இனங்கள் 2001ஆம் ஆண்டில் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. பாறை அமைக்கும் பவழங்களும் அவ்வாறே. அவற்றைக் கடலினின்று கவர்தல் குற்றமாம். பலாவு முதலிய தீவுகளிற் பண்ணையிற் பொரித்து வளர்த்த சிப்பிகள் உளவே என்பாருமுளர். மெய்யே, அவற்றைத் தருவிக்கவும் பன்னாட்டு உடன்படிக்கையின்படி அனுமதி வேண்டும். அனுமதி பெற்றாலும் ஒளி தரும் கடமை நீங்காது.

சிப்பியின் இயல்பை அறிய விழையும் மாணாக்கர், நம் நாட்டுக் கண்மாய்ச் சேற்றிற் பாதி புதைந்து, நீரை வடித்துண்டு வாழும் நன்னீர்ச் சிப்பியை அதன் இடத்திலேயே சென்று காண்பாராக. இரண்டு ஓடுகள் திறந்து மூடுவதும், அது நீரை உள்வாங்கி வெளிவிடுவதும் அங்கே காணலாம். அதற்குச் செலவுமில்லை, உயிர்க்கேடுமில்லை. கடற்சிப்பியைத்தான் வளர்ப்பேம் என்போர் முதலில் விளக்கை அமைத்து, நீரைப் பல மாதம் நிலைபெறச் செய்து, அதன்பின் சிப்பியை நாடுக. அஃது இயலாதார்க்கு அச்சிப்பியைக் கடலிலேயே விட்டிருத்தலே சீவகாருணியம் என்க.