முதலில் ஊர்க்கூட்டத்துக்குப் போங்கள்

போன செப்டம்பரில் எங்கள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டின் பின்பக்கம் வெளியே தெரியும்படி துணி காயப்போடுவது விதிமீறல், மறுபடி நடந்தால் 50 டாலர் அபராதம் என்று. காயப்போட்டது அப்பா. காய்ந்தது அவருடைய நாலு முழ வேட்டி.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. எட்டு வயதாகும் எங்கள் மூத்தவள், இரண்டு தெரு தள்ளி இருக்கும் பார்க்குக்குத் தனியாக நடந்து போனாள். நாங்கள்தான் அனுப்பினோம். பத்தே நிமிஷத்தில் யாரோ காரை நிறுத்தி போலீஸுக்குப் போன் பண்ணிவிட்டார்கள். வந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் கிளம்பியதும் மகள் கேட்டாள்: "அப்பா, நான் என்ன தப்பு பண்ணினேன்?"

என்னிடம் பதில் இல்லை. நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். மனசு குழம்பினால் எக்செல் திறப்பேன். அன்று ராத்திரி திறந்தேன். தலைப்பு: "எங்கே போகலாம்?"

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் அப்படித்தான், மீதி நாளுக்கு அவளும் பேசிக்கொள்ளலாம். நியூ ஜெர்சியில் ஒட்டிக்கொண்டிருக்கக் காரணம் பழக்கம் ஒன்றுதான். தேடத் தேட எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் வந்து நின்றன: நியூ ஹாம்ப்ஷயர்.

ஏன் என்று பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. பொதுவான விற்பனை வரி கிடையாது. வட்டி, டிவிடெண்டு மீது இருந்த வரியும் 2025 ஜனவரி 1 முதல் இல்லை. பெரியவர்கள் சீட் பெல்ட் போட்டே ஆகவேண்டும் என்ற சட்டம் இல்லாத ஒரே மாநிலம் அதுதான் (நான் போடுவேன், நீங்களும் போடுங்கள்). 2001-இல் ஜேசன் சோரென்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு யோசனை சொன்னார்: சுதந்திரத்தை விரும்பும் 20,000 பேர் மக்கள் தொகை குறைந்த ஒரே மாநிலத்துக்குக் குடிபோனால் அதன் அரசியலையே மாற்றலாம். 'ஃப்ரீ ஸ்டேட் ப்ராஜெக்ட்' என்று பெயர். 2003-இல் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நியூ ஹாம்ப்ஷயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2016 பிப்ரவரியில் 20,000 கையெழுத்தும் சேர்ந்துவிட்டது. சில ஆயிரம் பேர் குடிபோயும் விட்டார்கள். நான் அதில் சேரவில்லை. ஆனால் அவர்கள் எதைத் தேடிப் போனார்கள் என்பது புரிந்தது. வேட்டி காயப்போட ஓர் இடம்.

அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு 71 வயது, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். 1987-இல் மதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"கிராமத்தை விட்டு வரத்தான் நான் படிச்சேன். நீ சுதந்திரம் வேணும்னு கிராமத்துக்குப் போறேங்கற?"

"இது வேற கிராமம்ப்பா."

"எல்லாக் கிராமத்துலயும் நாலு பேரு இருப்பாங்க, தம்பி. எங்க ஊர்க்கூட்டம் மாரியம்மன் கோயில் திடல்ல நடக்கும். மேலத்தெரு ஆளுங்க திண்ணைல உக்காந்திருப்பாங்க. நாங்க ஓரமா நிப்போம். கேட்டாத்தான் பேசலாம். கேக்கவே மாட்டாங்க. நீ போற ஊர்ல உன் பேச்சு எடுபடுமா, அதை முதல்ல பாரு."

வரி, வீட்டு விலை, இன்டர்நெட் வேகம், பனியின் அளவு என்று என் எக்செலில் 23 பத்திகள் இருந்தன. இந்தக் கேள்விக்குப் பத்தி இல்லை.

மாநிலத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஊர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் க்ராய்டன் கதையைப் படித்தேன். சுமார் 800 பேர் வாழும் ஊர். அங்கே பள்ளிச் செலவை ஆண்டுக்கொரு முறை ஊர் மக்களே கூடிக் கையுயர்த்தி முடிவு செய்கிறார்கள். 2022 மார்ச்சில் கூட்டம் நடந்தபோது ஒருவர் எழுந்து, 17 லட்சம் டாலர் பட்ஜெட்டை 8 லட்சமாக வெட்டலாம் என்றார். ஒரு பிள்ளைக்குச் சுமார் 10,000 டாலர் என்ற கணக்கு. ஓட்டு எடுத்தார்கள். ஆதரவு 20, எதிர்ப்பு 14. முடிந்தது.

மொத்தம் 34 பேர். என் மகளின் பிறந்தநாளுக்கு வந்தவர்கள் அதைவிட அதிகம்.

கூட்டத்துக்கு வராதவர்கள் பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். சிறப்புக் கூட்டம் கூட்டவேண்டும், அது செல்ல வேண்டுமானால் வாக்காளர்களில் பாதிக்கு மேல் நேரில் வரவேண்டும். வாரக்கணக்கில் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டினார்கள். மே மாதம் கூட்டம் நடந்தது. பட்ஜெட்டை மீட்க 377 ஓட்டு, எதிராக 2.

இதில் யார் பக்கம் நியாயம் என்று எழுத வரவில்லை. வெட்டியவர்களும் 'இது எங்கள் பணம்' என்றுதான் வெட்டினார்கள். மீட்டவர்களும் 'இது எங்கள் பிள்ளைகள்' என்றுதான் மீட்டார்கள். நான் கவனித்தது வேறு. மேலே அரசாங்கம் குறையக் குறைய, கீழே பக்கத்து வீட்டுக்காரரின் கை நீளுகிறது. சின்ன ஊரில் சுதந்திரம் என்பது கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அந்த மாநிலத்துக் கார்களின் நம்பர் பிளேட்டில் 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்து மடி' என்று அர்த்தம் தரும் வாசகம் இருக்கும். அது தன் மத நம்பிக்கைக்கு ஒத்துவரவில்லை என்று மூடி மறைத்த ஜார்ஜ் மேனார்டை அதே மாநிலம் 15 நாள் சிறையில் வைத்தது. 1977-இல் உச்ச நீதிமன்றம்தான் அவர் பக்கம் நின்றது. பிளேட்டில் எழுதியிருப்பது வேறு, ஊரில் நடப்பது வேறு.

இப்படி ஓர் ஊர் மாற யோசிக்கும் பெற்றோருக்கு, நான் தட்டுத் தடுமாறிக் கற்றவை:

1. ஊர் ஆண்டறிக்கையைப் படியுங்கள். ஒவ்வொரு ஊரும் வெளியிடுகிறது. எந்த ரோட்டுக்கு எவ்வளவு உப்பு வாங்கினார்கள் என்பது வரை இருக்கும். பல ஊர்களில் அந்த ஆண்டின் பிறப்பு, திருமணம், இறப்புப் பட்டியலும் கடைசிப் பக்கங்களில் உண்டு. நாங்கள் பார்த்த ஓர் ஊரில் பிறப்பு 4, இறப்பு 19. அந்தப் பள்ளி எத்தனை நாள் ஓடும் என்று அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

2. வருமான வரி இல்லை என்றதும் துள்ளாதீர்கள். சொத்து வரி இருக்கிறது, பள்ளிச் செலவில் பெரும்பகுதி அதிலிருந்துதான். வீட்டு மதிப்பில் ஆயிரம் டாலருக்கு இத்தனை என்று கணக்கு. 4 லட்சம் டாலர் வீட்டுக்கு, விகிதம் 20 என்றால் ஆண்டுக்கு 8,000; 28 என்றால் 11,200. விகிதம் ஊருக்கு ஊர் மாறும்.

3. ரோடு என்ன வகுப்பு என்று கேளுங்கள். அங்கே 'ஆறாம் வகுப்பு' ரோடு என்றால் ஊர் அதைப் பராமரிக்காது, பனியும் தள்ளாது. பத்து ஏக்கர், ஓடை, மலிவு விலை என்று மயங்கி நாங்கள் கிட்டத்தட்டக் கையெழுத்துப் போட இருந்த இடம் அப்படித்தான். ஜனவரியில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் எப்படி வரும்? பெரிய ஆஸ்பத்திரி லெபனான் நகரில் இருக்கிறது. வரைபடத்தில் 35 நிமிஷம். பனியில் ஓட்டிப் பார்த்தோம்: ஒரு மணி நேரம் ஐந்து நிமிஷம்.

4. கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள். கருங்கல் பூமி, ஆழ்துளைக் கிணறுகளில் ஆர்செனிக், ரேடான் இரண்டும் இருக்கலாம். வீட்டுக் கிணற்றுக்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு. சுதந்திரத்தின் ஒரு பகுதி இதுவும்.

5. நில உபயோக விதி இல்லாத ஊர் என்றால் நீங்கள் கோழி வளர்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் பழைய லாரிகளைக் குவிக்கலாம்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலாக: ஊர்க்கூட்டத்துக்குப் போங்கள். மார்ச் மாதம் நடக்கும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

நாங்கள் ஐந்து பேரும் போனோம். ஊர் பெயரை எழுதவில்லை. சனிக்கிழமை காலை, பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம், மடக்கு நாற்காலிகள். வாசலில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார், வாக்காளர் அல்லாதவர்கள் அந்த ஓரத்தில் உட்கார வேண்டும், ஓட்டு எண்ணும்போது குழப்பம் வராமல் இருக்க.

அப்பா என்னைப் பார்த்தார். "ஓரமா இருக்கறது நமக்குப் பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். எனக்குச் சுருக்கென்றது.

பனி தள்ளும் லாரி வாங்க இரண்டு லட்சம் டாலருக்கு மேல். பத்து நிமிஷத்தில் நிறைவேறியது. நூலகத்துக்குக் கூடுதலாக 3,000 டாலர். நாற்பது நிமிஷம் சண்டை. சுதந்திரம் தேடி இரண்டு வருஷத்துக்கு முன் குடிவந்த ஓர் இளைஞர் எழுந்து, விருப்பமில்லாதவரிடம் ஒரு டாலர் வாங்குவதும் தப்பு என்று நன்றாகவே பேசினார். ஒரு வயதான விவசாயி, உன் பிள்ளைகளே அந்த நூலகத்தில்தானே கிடக்கிறார்கள் என்றார். உச்சரிப்பில் வெளியூர்க்காரர் என்று தெரிந்த ஒரு பெண் தடுமாறித் தடுமாறிக் கேள்வி கேட்டார். கூட்டத் தலைவர் அவர் முடிக்கும் வரை காத்திருந்தார். யாரும் குறுக்கே பேசவில்லை. ஓட்டில் இளைஞர் தோற்றார்.

எல்லாமே இனிப்பாக இல்லை. சாப்பாட்டு வரிசையில் ஒருவர் என் மனைவியிடம் "எந்த ஊர்?" என்று கேட்டார். நியூ ஜெர்சி என்றாள். "இல்லை, நிஜமாக எந்த ஊர்?" என்றார். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளி நடைபாதையில் இருந்த போட்டோக்களை மனைவி ஒன்று விடாமல் பார்த்தாள். 61 பிள்ளைகள், நம் நிறத்தில் ஒருவரும் இல்லை. மாநிலத்திலேயே பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் வெள்ளையர். ஆஷ்லாந்து லட்சுமி கோயிலுக்குப் போக இரண்டு மணி நேரம், மாசசூசெட்ஸ் எல்லை தாண்டி. "நமக்கு விதிகள் குறையும். இவளுக்குத் தனிமை கூடும். அதுக்கு உன் எக்செல்ல பத்தி இருக்கா?" என்று கேட்டாள். இல்லை.

திரும்பும் வழியில் அப்பாவிடம் என்ன தோன்றியது என்று கேட்டேன்.

"அந்தத் தோத்த பையனைப் பாத்தியா? கூட்டம் முடிஞ்சதும் அந்தக் கிழவரோட சேர்ந்து நாற்காலி அடுக்கிட்டிருந்தான். எங்க ஊர்ல எதிர்த்துப் பேசினவன் ஊரை விட்டுத்தான் போகணும்." கொஞ்ச தூரம் போனபிறகு மறுபடி சொன்னார்: "ஓரத்துல உக்காரச் சொன்னதுக்குக் காரணம் சொன்னாங்க. குடிவந்தா இந்தப் பக்கம் வந்துடலாம். எங்களுக்கு அது இல்ல."

பத்து ஏக்கரை விட்டுவிட்டோம். அதே ஊரில், ஊர் பனி தள்ளும் ரோட்டில், ஜூலையிலிருந்து ஒரு வருஷத்துக்கு வாடகை வீடு பேசியிருக்கிறோம். நியூ ஜெர்சி வீட்டை விற்கவில்லை. மனைவி போட்ட நிபந்தனை ஒன்று: ஒரு குளிர்காலம் முடிந்தபின் மகளிடம் கேட்கவேண்டும், அவள் வேண்டாம் என்றால் பேச்சுக்கே இடமில்லை, திரும்பிவிட வேண்டும். ஒப்புக்கொண்டேன். அடுத்த மார்ச்சில் நாங்கள் இருவரும் அந்த ஊர் வாக்காளர்களாக நாற்காலி வரிசையின் நடுவில் இருப்போம். கிரீன் கார்டில் இருப்பவர்கள் கவனியுங்கள்: குடியுரிமை இல்லாமல் அந்த ஓட்டு கிடையாது, ஓரத்து நாற்காலிதான்.

குளிர்காலம் எப்படிப் போனது என்று அடுத்த ஏப்ரலில் எழுதுகிறேன். அப்பா இப்போதே தயார். போன வாரம் கடைக்குப் போய் இருபது அடி நைலான் கொடிக்கயிறு வாங்கி வைத்துவிட்டார்.