பந்துக்கும் இடம் வேண்டும்

பெங்களூரு மாநகராட்சிப் பூங்காக்களுக்கு 2024இல் காலை 5 மணி முதல் இரவு 10 வரை நேரம் நீட்டிக்கப்பட்டது; நல்ல முடிவு. ஆனால் பல வாசல்களில் ‘பந்து விளையாடக் கூடாது’ என்ற பலகை அப்படியே நிற்கிறது. நடைபாதையில் டென்னிஸ் பந்து தோளில் பட்ட பெரியவரின் கோபம் நியாயம்தான். அதற்காகப் பையன்கள் எங்கே போவார்கள், நடுரோட்டுக்கா?

கர்நாடகத்தின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் பூங்காக்களோடு விளையாட்டுத் திடல்களையும் சேர்த்தே காக்கிறது. ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் தனியார் மருத்துவமனைக்குப் போகவிருந்தபோது, உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி 1991இல் மீட்டவர்கள் அக்கம்பக்கத்தார்தான். அதே பிடிவாதத்தோடு வார்டுக்கொரு திடல் கேட்கட்டும். அதுவரை மாலையில் இரண்டு மணி நேரம் ஒரு மூலையைப் பிள்ளைகளுக்கு விட்டு, வலை கட்டித் தரட்டும் மாநகராட்சி. இருட்டிய பிறகு விசிலும் மைக்கும் வேண்டாம்.