எரிகிற வீட்டில் மராமத்து

ரண சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போகிறார். வீட்டார் ஆறுதலடைகிறார்கள். மறுநாள் நோயாளிக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. நாடி சற்று விரைகிறது. உடனே எல்லோரும் கதிகலங்கிப் போகிறார்கள். பெரும்பாலும் விபரீதம் ஒன்றும் நேர்ந்திராது. தேகம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.

தேகத்துக்குக் கத்தி கத்திதான். அதைப் பிடித்த கை வைத்தியருடையதா, கொள்ளைக்காரனுடையதா என்று அது விசாரிப்பதில்லை. வெட்டுண்ட இடத்தில் வெள்ளை அணுக்கள் கூடுகின்றன. ரத்தத்தின் வழியே கல்லீரலுக்குச் செய்தி போகிறது. கல்லீரல் 'ஸி-ரியாக்டிவ் புரோட்டீன்' என்னும் பொருளை ஏராளமாக உற்பத்தி செய்கிறது. 1930-ல் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் டில்லெட், பிரான்ஸிஸ் என்ற இருவர் கண்டறிந்த பொருள் இது. சிகிச்சைக்குப் பின் இரண்டு மூன்று நாட்களில் உச்சிக்கு ஏறி, பிறகு மளமளவென்று இறங்கிவிடும். இந்த உள் நெருப்புக்கு அழற்சி என்று பெயர். ரணத்தை ஆற்றுவதும் இதுவே. அளவு மீறினால் ஆளை வாட்டுவதும் இதுவே.

ஆனால் நெருப்பு ஏற்கனவே எரிந்துகொண்டிருக்கும் தேகத்தில் கத்தி வைக்க நேர்ந்தால் என்ன செய்வது? குடல் அழற்சி நோய்களில் சங்கடம் இதுதான். இவை முக்கியமாக இரண்டு. ஒன்று, பெருங்குடலைப் புண்ணாக்கும் அல்ஸரேடிவ் கோலைடிஸ். மற்றொன்று, 1932-ல் நியூயார்க் மௌண்ட் ஸினாய் ஆஸ்பத்திரியின் க்ரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர் ஆகியோர் விவரித்த க்ரோன் நோய். இரண்டிலும் தேகத்தின் காவற்படையே தன் குடலைப் பல வருஷ காலம் தாக்குகிறது. நோயாளி மெலிந்து, ரத்தம் குன்றி, கத்திக்கு வந்து சேருகிறார். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தோ, நெடுநாள் உண்டால் ரணம் ஆறுவதையும் தடுக்கிறது. அபாயக் குறிகளையும் மறைத்துவிடுகிறது. ஆகவே அவகாசம் இருந்தால் சில வாரங்கள் போஷாக்கான ஆகாரம் கொடுத்து, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து, பிறகே கத்தியை எடுக்கிறார்கள்.

அவகாசம் இல்லாத சமயமும் உண்டு. 1956 ஜூன் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஐஸனோவருக்குக் க்ரோன் நோயால் குடல் அடைபட்டது. வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் நோயுற்ற பகுதியை வெட்டி எடுக்காமல், அதைச் சுற்றி மாற்றுவழி அமைத்தார்கள். அதே வருஷம் நவம்பரில் அவர் மறுபடியும் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்றோ நோயுற்ற பகுதியைப் பெரும்பாலும் நீக்கியே விடுகிறார்கள்; அதையும் சிறு துவாரங்கள் வழியாகவே பல இடங்களில் செய்கிறார்கள். வெட்டு சிறிதானால் மூளும் நெருப்பும் சிறிதாகிறது.

குடலை வெட்டி இணைத்த இடம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அதை முன்கூட்டி உணர்த்துவது மேலே சொன்ன புரோட்டீன்தான். மூன்று நான்கு நாட்களுக்குப் பிறகும் அது இறங்காமல் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் நின்றால் வைத்தியர்கள் விழித்துக்கொள்கிறார்கள். ஆனால் முன்பே அழற்சியுள்ளவருக்கு அந்த எண் ஒன்றே சாட்சி ஆகாது. ஆளையும் பார்க்க வேண்டும். வயிற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் இருக்கும் வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. முதலிரண்டு நாள் லேசான சூட்டைச் சொல்லிவையுங்கள், கலங்க வேண்டாம். தணிந்த ஜுரம் மூன்றாம் நாளுக்கு மேல் திரும்பினால், வயிறு உப்பினால், வலி ஏறினால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். வீடு திரும்பிய பிறகும் கவனம் தேவை. பெருங்குடலையும் மலக்குடலையும் முழுவதும் எடுத்தால் கோலைடிஸ் தொலையும். க்ரோன் நோயோ இணைத்த இடத்தருகே மீண்டும் தலைகாட்டக்கூடும். புகைபிடிப்பவர்களுக்கு அந்த அபாயம் இன்னும் அதிகம். சுருட்டையும் சிகரெட்டையும் ஆஸ்பத்திரி வாசலோடு விட்டுவிட்டு வருவது உத்தமம்.