ரோபோ வகுப்பும் மதரஸா நேரமும்

நம் மாலை நேர மதரஸாவில் ஓதும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வாரத்தில் இரு நாள் தாமதமாக வரத் தொடங்கினாள். நேரம் தவறக் கூடாது என்று கண்டித்தோம். அடுத்த வாரம் முதல் சரியாக வந்தாள், நாமும் மகிழ்ந்தோம்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. பள்ளி முடிந்தபின் நடைபெறும் ரோபாட்டிக்ஸ், கோடிங் வகுப்பில் அவள் சேர்ந்திருந்தாள். தந்தையார் அவளுடைய பெயரை நீக்கிவிட்டார். அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவள் அண்ணனின் பெயர் மட்டும் நீக்கப்படவில்லை. கேட்டபோது, "ஹஜ்ரத், நீங்கள்தானே நேரம் தவறக் கூடாது என்றீர்கள்? பெண்பிள்ளைக்கு அது எதற்கு?" என்றார். நம் கண்டிப்பே ஒரு கல்விக் கதவைச் சாத்தியிருப்பது அப்போது புரிந்தது.

அவள் அங்கு என்ன செய்துகொண்டிருந்தாள்? கை நீட்டினால் நீர் வரவும், கையை எடுத்தால் நிற்கவும் ஒரு குழாய்க்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். நம் பள்ளிவாசலில் ஒளூச் செய்யும் இடத்தில் நீர் வீணாவதைக் கண்டு தோன்றிய எண்ணமாம். ஓடும் ஆற்றில் ஒளூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று நாம் பாடம் நடத்துகிறோம். அவள் அதற்கு வழி தேடியிருக்கிறாள்.

இத்துறை நமக்கு அந்நியமானதும் அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே 'அல்காரிதம்' என்னும் சொல் பிறந்தது. அவருடைய அல்ஜீப்ரா நூலின் பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகளைப் பற்றியது. மதரஸாக்களில் ஃபராயிள் பாடத்தில் படிப்படியாகப் பங்கு பிரிக்கும் முறையும், கணினிக்குப் படிப்படியாகக் கட்டளை எழுதும் முறையும் ஒரே வகைச் சிந்தனையே. 1206-இல் அல்ஜஸரி நிறைவு செய்த இயந்திர நூலில், ஒளூவுக்கு நீர் வார்க்கும் பொறியின் அமைப்பும் உண்டு. நம் மாணவி அவ்வழியில்தான் நடந்திருக்கிறாள்.

பெண்பிள்ளைக்கு எதற்கு என்னும் கேள்விக்கும் விடை பழையதே. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி என்பதை அபூதாவூதில் காண்கிறோம். அக்காலத்தில் எழுத்தறிந்தோர் ஆண்களிலேயே மிகச் சிலர்.

பெற்றோரின் கவலைகளை நாம் இலேசாக எண்ணவில்லை. கற்பிப்பவர் யார், இருட்டுமுன் வீடு திரும்ப முடியுமா, இணையத்தில் பிள்ளை எதைக் காண்கிறாள் என்று கேட்பது கடமை. ஆனால் இணையம் பற்றிய கேள்வியை மகனிடமும் கேட்க வேண்டும். மற்றவற்றைப் பள்ளிக்கு நேரில் சென்று கேட்டுத் தெளியலாம். தாய்மார் இருவர் முறைவைத்து அழைத்துவரலாம். 2016-இல் தொடங்கப்பட்ட அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் 6 முதல் 12 வரையிலான வகுப்பு மாணவர்க்கு உரியது. ஆண், பெண் வேறுபாடு அதில் இல்லை. உங்கள் பள்ளியில் அத்தகைய ஆய்வகம் உள்ளதா என்று விசாரியுங்கள்.

மதரஸா ஆசிரியர்களாகிய நமக்கும் பொறுப்புண்டு. குர்ஆன் ஓதலை விட்டுத்தான் இதைக் கற்க வேண்டும் என்ற நிலையை நாமே உண்டாக்கலாகாது. அவ்விரு நாள் பாடத்தைச் சனி, ஞாயிறு காலைக்கு மாற்றிவிட்டோம். ஓதலில் குறைவு ஏதும் நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

தந்தையாரும் மனம் மாறிப் பள்ளிக்குச் சென்றார். இவ்வாண்டு இடங்கள் நிரம்பிவிட்டன என்று சொல்லிவிட்டார்கள். அவள் அடுத்த ஆண்டுக்காகக் காத்திருக்கிறாள். ஒளூச் செய்யும் இடத்தில் குழாய் இன்றும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளைகளின் அறிவும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமே. அதை வீணாக்காமல் காக்க அவனே நமக்கு அருள்புரிவானாக, ஆமீன்.