சொல்லை விலைபேசும் சாத்திரம்

இணையத்தில் எழுத முனையும் இளைஞருக்கு இன்று ஒரு புதிய சாத்திரம் போதிக்கப்படுகின்றது. எதைச் சொல்லவேண்டும் என்று அது கேட்பதில்லை. மக்கள் எந்தச் சொற்றொடரைத் தேடுகின்றனர் என்பதையே முதலில் அறியச் சொல்கின்றது. அச்சொற்றொடரைத் தலைப்பிலும் முதற் பந்தியிலும் இடைத்தலைப்புகளிலும் பதித்துவிட்டால், தேடுபொறி கட்டுரையை முன்னிலையில் நிறுத்தும்; வாசகர் தாமாகவே வருவர் என்பது அதன் சாரம். வாசகரும் மகிழ்வர், இயந்திரமும் மகிழும்; இதில் என்ன தவறு என்று கேட்போர் நம்மிடையேயும் உளர்.

தவறு உண்டு. ‘வாசகர் விரும்புவதையே கொடுக்கிறோம்’ என்பது வணிகச் சஞ்சிகைகள் நெடுங்காலமாகக் கூறிவந்த சமாதானம். அன்று விருப்பத்தை ஊகித்தனர், இன்று அளக்கின்றனர். ஆனால் அளவுகோல் யாருடையது?

கூகிளைத் தோற்றுவித்த லரி பேஜும் சேர்ஜி பிரினும் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, 1998இல், தம் தேடுபொறியை விளக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினர். ஓர் ஆய்வைப் பிற அறிஞர் எத்துணை மேற்கோள் காட்டுகின்றனர் என்பதுகொண்டு அதனை மதிப்பதுபோல, ஒரு பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்களைக் கொண்டு அதன் தகுதியை அளவிடலாம் என்பது அவர்தம் அடிப்படை. நல்ல கருத்துத்தான். அதே கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பரப் பணத்தில் வாழும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும், வாசகரின் தேவையினின்று விலகும் என்றும் எச்சரித்தனர். இரண்டே ஆண்டுகளில், 2000இல், தேடுசொற்களுக்கு அருகே விளம்பரம் விற்கும் திட்டத்தைத் தொடங்கியவர்களும் அவர்களே. இதனைத் தனிமனிதரின் ஒழுக்கக்கேடாகக் கொள்ளலாகாது. மூலதனம் இலாபத்தை நாடும்போது அறிஞரின் எச்சரிக்கை பின்னிணைப்பிலேயே கிடந்து மடிகின்றது.

தேடுசொல் ஏலத்துக்கு வந்தது. காப்புறுதி, கடன், வழக்கறிஞர் முதலிய சொற்கள் உயர்ந்த விலை பெறுகின்றன. தோட்டத் தொழிலாளியின் லயன் அறையைப் பற்றித் தேடுவாரிடம் விற்பதற்கு என்ன இருக்கின்றது? அச்சொல்லுக்கு ஏலத்தில் யார் விலை கேட்பர்?

இத்தகைய விலைப்பட்டியலைக் கொண்டு ஓர் எழுத்து ஆலையையே நடத்தலாம் என்பதை அமெரிக்காவின் டிமாண்ட் மீடியா நிறுவனம் காட்டிற்று. மக்கள் எதைத் தேடுகின்றனர், அச்சொல்லுக்கு விளம்பரதாரர் எவ்வளவு கொடுப்பர் என்பவற்றைக் கணினி கணக்கிட்டுத் தலைப்பை வகுக்கும். அத்தலைப்புக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பவருக்குச் சுமார் 15 டொலர் கூலி. கொழுந்தை நிறுத்துக் கூலி கொடுக்கும் முறையை அறிந்த நமக்கு இது புரியாததன்று. 2011 ஜனவரியில் அந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் சந்தை மதிப்பு நியூயோர்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பை மிஞ்சியது. செய்தியாளரை அனுப்பி உண்மை தேடும் பத்திரிகையைவிடத் தலைப்பு ஆலையே பெறுமதி மிக்கதெனச் சந்தை தீர்ப்பளித்தது. மறுமாதமே கூகிள் தன் தரவரிசை முறையை மாற்றித் தரமற்ற பக்கங்களைப் பின்தள்ளத் தொடங்கிற்று; ஆலையின் செல்வாக்கும் காலப்போக்கிற் சரிந்தது.

ஆலை சரிந்தது, சாத்திரம் சரியவில்லை. 2018இல் கூகிளின் விளம்பரத் திட்டம் தமிழ்ப் பக்கங்களுக்கும் திறக்கப்பட்டது. சாத்திரத்தின் பலன் தமிழிலும் கிடைக்கலாயிற்று. காய்ச்சலில் வாடும் பிள்ளையின் தாய் ஒருத்தி கைத்தொலைபேசியில் டெங்குவின் அறிகுறிகளைத் தேடுகிறாள் என்று கொள்வோம். ‘டெங்கு காய்ச்சல் அறிகுறிகள் பற்றி அறிய விரும்புகிறீர்களா? டெங்கு காய்ச்சல் அறிகுறிகள் யாவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். டெங்கு காய்ச்சல் அறிகுறிகள் எவை என்று இக்கட்டுரையில் பார்ப்போம்’ என்ற பாணியிலே விடை தொடங்குகின்றது. கடும் வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் அபாயக் குறிகள், உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள் என்ற ஒரு வரியை அடைய அவள் எத்தனையோ விளம்பரங்களைக் கடக்கவேண்டும். அவளுடைய பதற்றமும் தாமதமுமே இங்கு விற்கப்படும் பண்டம்.

மொழிக்கு நேரும் கேடும் சிறிதன்று. உருபேற்று வடிவம் மாறுவது தமிழ்ப் பெயரின் இயல்பு. தேடுசொல் சிதையலாகாது என்று உருபும் சந்தியும் ஏற்கவிடாமற் கட்டிவைத்தால், வாக்கியம் வாக்கியமாக நடவாது, பெயர்ப்பலகைகளின் வரிசையாகிவிடும்.

மக்களுக்காக எழுதப்படும் பக்கங்களையே உயர்த்துவோம் என்று 2022 ஓகஸ்டில் கூகிளே அறிவித்ததே என்பர். சுங்கச்சாவடியை நடத்துபவன் செய்யும் தருமோபதேசம் அது. 2024 ஓகஸ்டில் அமெரிக்கச் சமஷ்டி நீதிமன்றமே, அந்நிறுவனம் தேடல் துறையிற் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணியது எனத் தீர்த்தது. அதே ஆண்டு மே மாதத்தில், செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடையைத் தன் பக்கத்தின் உச்சியிலேயே கொடுக்கும் முறையை அமெரிக்காவில் அது பரவலாக்கிற்று. பின்னர் பல நாடுகளுக்கும் விரித்தது. பிறர் எழுதியவற்றிலிருந்தே அவ்விடை தொகுக்கப்படுகின்றது. எழுதியவரிடம் வாசகர் வரவேண்டிய தேவையோ குறைகின்றது. இயந்திரத்துக்கு உகந்தவாறு எழுதப் பழகியவனை இயந்திரம் கைவிடுவது எளிது. அவன் எழுதுவதை அதுவே எழுதிவிடும்.

அப்படியாயின் வாசகர் நம்மை எவ்வாறு கண்டடைவர்? நியாயமான கேள்வி. கண்டடையச் செய்தல் வேறு. கண்ணி வைத்தல் வேறு. பொருளைத் தெளிவாகக் கூறும் தலைப்பு, ஆண்டு, இடம், எழுதியவர் பெயர், தொடர்புடைய பிற எழுத்துகளுக்கான சுட்டு ஆகியன நூலகரின் பணியைச் சார்ந்தவை. அவை வாசகருக்குச் செய்யும் மரியாதை. அவற்றை நாம் கற்கவே வேண்டும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவிற் பேண 2005இல் தோன்றிய நூலகம் திட்டமும் விளம்பரத்தை நம்பி நடப்பவையல்ல. எனினும் தேடுவோர் கண்ணில் அவை படுகின்றன. வேறெங்கும் எளிதிற் கிடைக்காததை ஒழுங்காகப் பதிந்து வைத்தமையே காரணம்.

ஆகவே மாணவர் கையில் இச்சாத்திரத்தைக் கொடுக்குமுன் ஆசிரியர் ஒருமுறை சிந்தித்தல் வேண்டும். தேடல்களின் கணக்கு, மக்கள் நேற்று எதைக் கேட்டனர் என்பதை மட்டுமே சொல்லும். நாளை கேட்கவேண்டியதை அது சொல்லாது. டொமினிக் ஜீவாவும் கே. டானியலும் சாதிக் கொடுமையைக் கதையாக்கியபோது, அதனை வாசிக்க விரும்புவோர் எத்தனைபேர் என்று கணக்கெடுத்துவிட்டுப் பேனாவை எடுக்கவில்லை. எழுதினர், வாசகர் உருவாயினர்.