மனக்கவலையும் கண்பார்வையும்

மனக்கவலையினால் கண்பார்வை குன்றுமா என்னும் கேள்விக்கு இந்நாட்டில் இரண்டு விடைகள் எளிதில் கிடைக்கின்றன. ‘எல்லாம் மனப்பிரமை’ என்பது ஒன்று; ‘மனத்தை அமைதிப்படுத்தினால் கண்ணாடியே வேண்டுவதில்லை’ என்பது மற்றொன்று. இரண்டும் கேடு விளைப்பவை.

அச்சமோ கவலையோ மேலிடுங்கால் அட்ரினலின் சுரந்து கண்மணி விரிகிறது. ஒளிக்குக் கண் கூசும். அண்மையிலுள்ள எழுத்து மங்கும். இவை சிறிது நேரத்தில் நீங்குபவை. இவற்றினும் கருதத்தக்கது, விழித்திரையின் நடுப்பகுதிக்கு அடியில் நீர் கோத்துக்கொள்ளும் நோயாகும். ஜெர்மானியக் கண் மருத்துவர் ஃபான் கிரேஃபே 1866-இல் இதனை விவரித்தார். நடுவயது ஆடவரிடையே இது மிகுதி. பார்வையின் நடுவே மங்கலான வட்டம் தோன்றும். கதவு நிலையும் நோட்டுப் புத்தகத்தின் கோடும் வளைந்து தெரியும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் நீர் தானே வடிந்துவிடும். சிலருக்கு மீண்டும் மீண்டும் வந்து நிலையான குறையை விட்டுச் செல்லும்.

கவலையின்போது உடலில் மிகும் கார்ட்டிசால் இதற்குத் துணைபுரிவதாகக் கருதப்படுகிறது. அதே இனத்தைச் சேர்ந்த ஸ்டீராய்டு மருந்துகளை உட்கொள்வோரிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவது இக்கருத்துக்கு வலுவூட்டுகிறது. ஆதலின் களப்பணியாளர், நோயாளியின் குடும்பக் கவலைகளை விசாரிக்குமுன், மூட்டுவலிக்கோ இளைப்புக்கோ அவர் என்ன மாத்திரை விழுங்குகிறார் என வினவுதல் நன்று. அம்மாத்திரையைத் திடீரென நிறுத்தச் சொல்வதும் தவறு. அதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

இனி இரண்டாவது விடை. நியூயார்க் மருத்துவர் வில்லியம் பேட்ஸ் 1920-இல் வெளியிட்ட நூலில், பார்வைக் குறைகளுக்கெல்லாம் கண்ணின் இறுக்கமே காரணமென்றும், பயிற்சியால் கண்ணாடியை எறிந்துவிடலாமென்றும் எழுதினார். கண் தன் பார்வையைச் சீர்செய்துகொள்வது உள்ளிருக்கும் வில்லையின் வடிவ மாற்றத்தால் என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855-லேயே விளக்கியிருந்தார். கிட்டப்பார்வை பெரும்பாலும் கண்விழியின் நீளத்தைப் பற்றியது. விழி 1 மி.மீ. மிகுதியாக நீண்டாலே ஏறக்குறைய 3 டயாப்டர் குறை ஏற்பட்டுவிடும். நீண்ட விழியை மன அமைதி குறுக்கிவிடாது. எனினும் பேட்ஸின் கொள்கை இன்றும் புதுப்புதுப் பெயர்களில் விலைபோகிறது!

இதில் பெரிதும் துன்புறுவது பள்ளிப் பிள்ளையே. கரும்பலகை தெரியவில்லை என்று தேர்வு நெருங்குகையில் ஒரு மாணவி கூறினால், ‘பயத்தால் வந்தது’ என்று தள்ளிவிடுவது எளிது. அதற்கு முன் 6 மீட்டர் தொலைவில் பார்வை அட்டையை மாட்டி, ஒவ்வொரு கண்ணாகச் சோதிக்க எவ்வளவு நேரம் ஆகும்? தடித்த அட்டையில் சுமார் 1 மி.மீ. துளையிட்டு அதன்வழிப் பார்க்கச் செய்க. எழுத்து தெளிவடைந்தால் பெரும்பாலும் கண்ணாடியால் தீரக்கூடிய குறையே. தெளிவடையாவிடின் கண் மருத்துவரிடம் அனுப்புவதில் தாமதம் கூடாது.

கண்ணில் யாதொரு பழுதுமின்றி, மன இறுக்கத்தால் மட்டுமே பார்வை குன்றும் பிள்ளைகளும் உண்டு. ஆயினும் அம்முடிவு எல்லாச் சோதனைகளுக்கும் பின் மருத்துவர் கூறவேண்டியது. முதல் நாளன்று வகுப்பறையில் கூறத்தக்கதன்று. அத்தகைய பிள்ளை நடிப்பதில்லை. அதற்கு உண்மையிலேயே தெரிவதில்லை. அதனைப் பொய்யெனக் கண்டிக்கும் ஆசிரியர், நோய்க்குக் காரணமான அச்சத்தையே மிகுவிக்கிறார்.