கடல் விதித்த வேக வரம்பு

அமெரிக்காவின் தெற்கிலுள்ள தீவு நகரமான கீ வெஸ்ட்டில் நவம்பர் மாதம் விசைப்படகுப் பந்தயத்தின் உலகப் போட்டி நடப்பது வழக்கம். 2011ஆம் ஆண்டுப் போட்டியில் ஒரே வாரத்தில் மூன்று வீரர்கள் உயிரிழந்தார்கள். புதன்கிழமை ஒரு படகு கவிழ்ந்து இருவர். வெள்ளிக்கிழமை இன்னொரு படகு கவிழ்ந்து ஒருவர். பட்டைகளால் உடலை இருக்கையோடு பிணைத்துக்கொண்டு, மேலே கூண்டு மூடிய அறைக்குள் அமர்ந்து ஓட்டியவர்கள் அவர்கள். நடுக்கடலின் பெரும் அலை அவர்களைக் கவிழ்க்கவில்லை. கரையில் நின்ற கூட்டத்தின் கண்ணெதிரே, துறைமுகத்தை ஒட்டிய நீரில்தான் படகுகள் கவிழ்ந்தன. அமைதியான நீர் ஏன் கொல்கிறது என்ற கேள்வியை இந்த விளையாட்டு இன்னும் நேருக்கு நேர் சந்திக்கவில்லை.

கடல் விசைப்படகுப் பந்தயம் தொடங்கிய காலத்தில் அப்படியில்லை. 1956இல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நஸாவுக்கு நடந்த முதல் பந்தயத்தில் சாம் கிரிஃபித்தும் டிக் பெர்ட்ரமும் வென்றார்கள். அவர்களுடைய சராசரி வேகம் மணிக்கு 30 கி.மீ. அளவில்தான் இருந்தது. 1960இல் ரே ஹன்ட் வடிவமைத்த ஆழமான ‘வி’ வடிவ அடிப்பாகத்துடன் பெர்ட்ரமின் ‘மாப்பி’ படகு அதே பந்தயத்தைக் கொந்தளிக்கும் கடலில் வென்றபோது, எல்லோரும் வியந்தது அதன் உச்ச வேகத்தைப் பார்த்தல்ல. அலையை அது தாங்கிய விதத்தைப் பார்த்துத்தான். அன்று யாரும் வேக வரம்பு எழுதி வைக்கவில்லை. எதிரே வரும் அலையே வரம்பு. மீறினால் முதுகெலும்பு வலிக்கும், பலகை பிளக்கும், என்ஜின் நிற்கும்; ஓட்டுபவர் தானாகவே வேகத்தைக் குறைப்பார்.

பிறகு பார்வையாளருக்காகவும் தொலைக்காட்சிக்காகவும் பந்தயம் கரையோரம் வந்தது. ஊருக்கு ஊர் ஓடிய நீண்ட பயணம், மிதவைகளைச் சுற்றி வரும் குறுகிய சுற்றுப் பாதையாயிற்று. அலை அடங்கிய நீரில், இரட்டை உடல் கொண்ட கேட்டமரன் படகுகள் கோலோச்சத் தொடங்கின. இரு உடல்களுக்கும் நடுவிலுள்ள சுரங்கத்தில் புகும் காற்று படகைத் தூக்குகிறது. நீரின் உராய்வு குறைய, வேகம் கூடுகிறது. அந்தத் தூக்கும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் இருப்பதைவிட 240 கி.மீ. வேகத்தில் அது இரண்டேகால் மடங்கு. அந்த நிலையில் ஒரு சிறு அலையோ, முன்னே போன படகின் அலைத்தடமோ முகப்பைச் சற்றே உயர்த்திவிட்டால் போதும், ஆடிக்காற்றில் தகரக் கூரை பிய்ந்து போவதுபோல் முழுப் படகும் பின்னோக்கிப் புரண்டுவிடும். த்ராட்டிலைப் பிடித்திருப்பவருக்கு அதைத் தடுக்கக் கிடைப்பது ஒரு விநாடிகூட இல்லை.

1990 அக்டோபரில் மொனாக்கோ கடலில், உலகப் பட்டத்தைத் தக்கவைக்க ஓடிய ஸ்டெஃபானோ கசிராகி இறந்தார். மொனாக்கோ இளவரசி கரோலினின் கணவர் என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது. அதன்பின் இருக்கைப் பட்டைகளும் மூடிய அறையும் கட்டாயமாயின. கேட்டமரன்களின் அடியில், கவிழ்ந்தால் வெளியேற ஒரு கதவு. தலைகீழாக நீரில் மூழ்கிய அறையிலிருந்து வெளியேறிக் காட்டும் பயிற்சித் தேர்வு. இவை காப்பாற்றிய உயிர்கள் பல. இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் இவையெல்லாம் கவிழ்ந்த பிறகு உதவுபவை. கவிழாமல் இருப்பதற்கு என்ன விதி?

மேல்மட்டப் பிரிவுகள் அதற்குச் சொன்ன பதில் என்ஜின் கட்டுப்பாடு. ‘கிளாஸ் 1’ பிரிவின் வி-12 காலத்தில் 8.2 லிட்டர் என்ஜின்கள் இரண்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 850 குதிரைத்திறன். படகுக்குக் குறைந்தபட்ச எடை ஏறத்தாழ ஐந்து டன். படித்தால் கறாரான விதி. ஆனாலும் அந்தப் படகுகள் மணிக்கு 250 கி.மீ. தொட்டன. 2009 டிசம்பரில் துபாயில் அதே பிரிவில், மூடிய அறைக்குள்தான், முகம்மது அல் மெஹைரியும் ஜான்-மார்க் சான்செஸும் இறந்தார்கள். குதிரைத்திறனுக்குப் பூட்டுப் போட்டால் பொறியாளர்கள் சுரங்கத்தின் வடிவத்தையும் கியர் விகிதத்தையும் புரொப்பல்லரையும் செதுக்கி, இழந்த வேகத்தை மீட்டுவிடுவார்கள். அது அவர்கள் தொழில். குறை சொல்ல முடியாது. கட்டுப்படுத்த வேண்டியது வேகம் என்றால் வேகத்தைத்தான் அளக்க வேண்டும்.

அப்படி அளக்கும் பிரிவுகள் இருக்கவே செய்கின்றன. அமெரிக்காவின் ஆஃப்ஷோர் பவர்போட் அசோசியேஷன் நடத்தும் பந்தயங்களில் ‘பிராக்கெட்’ பிரிவுகள் உண்டு. எந்த என்ஜின் என்ற கேள்வி பிறகு. இந்தப் பிரிவுக்கு இவ்வளவுதான் உச்ச வேகம் என்பது முதல் விதி. படகிலுள்ள ஜி.பி.எஸ். பதிவு சாட்சி, மீறினால் தண்டனை. பெரும்பாலும் சொந்தப் பணத்தில் ஓட்டும் குடும்பத்தினரும் நண்பர்களும்தான் இதில் இறங்குகிறார்கள். மெதுவான படகுக்கு வேக வரம்பும் மிக வேகமான படகுக்கு வரம்பின்மையும் என்ற இந்த ஏற்பாடு தலைகீழானது.

வேகத்துக்கு வரம்பு வைத்தால் அது பந்தயமா என்று கேட்பவர்கள், 2017 மார்ச்சில் மும்பை மரைன் டிரைவ் கடலில் நடந்த ‘பி1’ விசைப்படகுப் பந்தயத்தை எண்ணிப் பார்க்கலாம். எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த படகு, ஒரே 250 குதிரைத்திறன் என்ஜின். உச்ச வேகம் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், மிதவையை நெருங்கித் திரும்புபவரும், அலையின் தோளில் படகை இறக்கத் தெரிந்தவரும் முந்தினார்கள். திறமை வேறெங்கே தெரியும்?

வரம்பை எதிர்ப்பவர்களின் இன்னொரு வாதம் கனமானது. பெரிய, கனத்த படகு கலங்கிய நீரிலும் உச்ச வேகத்தைப் பிடித்து நிற்கும், சிறியதால் முடியாது. அதனால் வரம்போடு நீளத்தையும் எடையையும் சேர்த்தே பிரிவு வகுக்க வேண்டும். அலையிலிருந்து எழும்பி விழும்போது ஜி.பி.எஸ். ஒரு கணம் கூடுதலாகக் காட்டலாம். ஒன்றிரண்டு விநாடி சலுகை விதியிலேயே இருக்கட்டும். கடலைப் பார்க்க வேண்டிய கண் மீட்டரைப் பார்க்கும் என்ற அச்சமும் நியாயமானதே. வரம்பை நெருங்கும்போது காதில் ஒலிக்கும் எச்சரிக்கை போதும். வீரர்கள் தலைக்கவசத்துக்குள் ஏற்கெனவே பேச்சுக் கருவி வைத்திருக்கிறார்கள்.

ஆண்டு முழுமைக்கும் ஒரே எண் என்பதும் போதாது. அலைகளுக்குத் தகுந்த வேகம், தட்டையான நீருக்குத் தகாது. பந்தயத்தன்று காலை ஓட்டுநர் கூட்டத்தில், அன்றைய காற்றையும் நீரையும் பார்த்து, துறைமுக நேர்பாதைக்கு இவ்வளவு, வெளிக்கடலுக்கு இவ்வளவு என்று பந்தய அதிகாரி அறிவிக்க வேண்டும். நேர்பாதை நீளமாக இருந்தால் நடுவில் ஒரு மிதவையைக் கூடுதலாக இட்டு ஒரு வளைவை உண்டாக்கும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. மேல்மட்டப் பிரிவுகளில் கையெழுத்திடும் அணி உரிமையாளர்களும், மொனாக்கோவில் அமர்ந்து உலக விதிகளை எழுதும் யு.ஐ.எம். அமைப்பும் ஒப்புக்கொண்டால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.